ஒற்றை இழை டெய்சி

ஓலீட்டா பென்னர், மோட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கிறவள். ஹார்லன் வெல்ஸில் இருப்பது ஒரே ஒரு மோட்டல், பதினான்கு அறை. லாஸ் வேகஸுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் தூக்கம் தாங்காமல் இறங்கிப் படுப்பார்கள், விடிந்ததும் ஊர் பெயரைக்கூடக் கேட்காமல் போய்விடுவார்கள். அவர்கள் விட்டுப்போனதைத் துவைத்துப் பின்பக்கக் கம்பியில் காயப்போடுவதே இருபத்திரண்டு வருஷமாக அவள் பிழைப்பு. மொஹாவிப் பாலைவன வெயிலில் கடைசி விரிப்பை மாட்டி முடிப்பதற்குள் முதல் விரிப்பு மொடமொடவென்று காய்ந்து நிற்கும்.

புருஷன் பர்ல், டால்க் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். பவுடர் டப்பாவுக்குப் போகிற அந்த வெள்ளைக் கல் அவன் நெஞ்சுக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. ஐம்பத்தோரு வயதில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மூச்சு இழுத்து இழுத்துச் செத்துப்போனான். பிள்ளைகள் இல்லை. அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் ஓலீட்டா வேலைக்குத் திரும்பினாள். ஈர விரிப்புகளைக் கூடையில் தூக்கிக்கொண்டு போகையில் கால் இடறிக் குப்புற விழுந்தாள். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் எழுந்திருக்கப் பிடிக்காமல் அப்படியே கிடந்தாள்.

கன்னம் சரளைக்கல்லில் பதிந்திருந்தது. கண்ணுக்கு நேராக ஒரு செடி. செடி என்று சொல்வதே அதிகம், அவளுடைய சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் சிவப்புத் தண்டு, முடி முடியாக இலை, நடுவில் மஞ்சள் வைத்த ஒரு வெள்ளை டெய்சி. பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதுவரை பதினோரு வருஷமாகத் தினம் அந்த இடத்தை மிதித்துப் போயிருக்கிறாள், ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அதை வயிற்றுப் பூ என்பார்கள். வயிறு தரையில் படப் படுத்தால்தான் தெரியும்.

அந்த வருஷமே தபாலில் பூக்களை அடையாளம் காணும் புத்தகம் ஒன்றும் நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துக்கொள்ளும் மாதிரி ஒரு லென்ஸும் வரவழைத்தாள். வேலை இல்லாத நாட்களில் பர்லின் பழைய டிரக்கை எடுத்துக்கொண்டு போய், ஓடைக் கரைகளில் வயிறு படப் படுத்து, பறித்து, பழைய தினத்தாளுக்குள் வைத்து அழுத்தினாள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். புத்தகத்தில் பாதி வார்த்தை புரியாது. ஒவ்வொன்றாக அகராதியில் பார்த்து ஓரத்தில் எழுதிவைத்தாள். ஐந்து வருஷத்தில் ஊரைச் சுற்றி ஐம்பது மைலுக்குள் எது எங்கே முளைக்கும் என்று அவளைப்போல அறிந்தவர் யாரும் இல்லை. அதைப் பற்றி யாரும் அவளிடம் கேட்டதும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் ஒரு தப்பு நடந்தது. இதுவரை யாரும் கண்டிராத ஒரு டெய்சியைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பி ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதிப்போட்டாள். முந்நூறு மைல் தள்ளி இருந்து இரண்டு பேர் காரில் வந்தார்கள். அவள் காட்டிய இடத்தில் குனிந்து பார்த்தார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், அது பாலை நட்சத்திரம், எங்கும் முளைப்பது, மழை குறைந்ததால் இதழ் சுருங்கியிருக்கிறது. வந்ததற்கு ஒரு காபி குடித்துவிட்டுப் போனார்கள். அந்தக் காபியைக் குடித்த இடம் ஊரிலுள்ள ஒரே சாப்பாட்டுக் கடை. அதனால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அதை வைத்து அதிகம் சிரித்தவன் லைல் டக்கெட். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன், பெரிய வாய், நல்ல மனசு. அவன் மனைவி நாடின், ஓலீட்டாவுக்கு நெருங்கிய சிநேகிதி. பர்ல் நோயோடு கிடந்தபோது தினம் சூப் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். கடையில் ஓலீட்டாவைப் பார்த்தாலே போதும், லைல் தட்டைக் கையில் தூக்கிக் காட்டுவான்.

"ஓலீட்டா, இங்க வா. என் தட்டுல யாருமே பாக்காத ஒரு முட்டக்கோஸ் மொளச்சிருக்கு. பேர் வச்சுட்டுப் போ."

கடை மொத்தமும் சிரிக்கும். ஓலீட்டாவும் சிரிப்பாள். ஏழு வருஷம் இந்தக் கேலி ஓடியது. அன்றிலிருந்து அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். சந்தேகம் துளி மிச்சம் இருந்தாலும் பூவின் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. விதையைப் பிரித்து, லென்ஸில் பார்த்து, தாளில் ஒட்டிய பழைய செடியோடு ஒப்பிட்டு, எல்லாம் ஒத்துப்போன பிறகுதான் பென்சிலை எடுப்பாள். அந்த வழக்கத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எண்பத்து மூன்றாம் வருஷம் குளிர்காலத்தில் எங்களுக்குப் பழக்கமே இல்லாத மழை. மார்ச்சில் பாலைவனம் முழுக்கப் பூத்துக் கிடந்தது. அந்த மாதம் ஒரு திங்கட்கிழமை காலை லைல் டிரக்கில் நாயையும் கூட்டிக்கொண்டு கல் பொறுக்கப் போனான். பளபளக்கும் கற்களைப் பொறுக்கி வந்து வழவழப்பாக இழைப்பது அவனுக்கு ஒரு பைத்தியம். தெற்கே பழைய சுரங்கப் பக்கம் போவதாகவும் இருட்டுவதற்குள் வந்துவிடுவதாகவும் நாடினிடம் சொல்லிவிட்டுப் போனான். வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மாவட்டப் போலீஸான ஷெரிப்பின் ஆட்கள் வந்தார்கள். தலைமை தாங்கியவர் ஆர்மென்டா என்ற உதவி ஷெரிப், நிதானமான மனிதர். தெற்கே கூடாரம் போட்டுத் தேடத் தொடங்கினார்கள். ஒரு சின்ன விமானமும் வந்து சுற்றியது. நாடின் கூடாரத்திலேயே தங்கிவிட்டாள். அறுபத்தெட்டு வயதில், மடக்கு நாற்காலியில், லைலின் கோட்டைப் போர்த்திக்கொண்டு.

புதன்கிழமை மதியம் நாய் மட்டும் திரும்பி வந்தது. நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்கில் தண்ணீர்க் குழாயடியில் படுத்திருந்ததை யாரோ பார்த்துத் தகவல் சொன்னார்கள். எந்தப் பக்கமிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நாலு பாதமும் கிழிந்திருந்தது. நாடின் கூடாரத்தில் இருந்ததால் அதை ஓலீட்டாவின் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அவள் தண்ணீர் வைத்தாள், பாதத்துக்கு மருந்து போட்டாள், சமையலறைத் தரையில் உட்கார்ந்து ரோமத்தைச் சீவத் தொடங்கினாள். நீள முடி நாய். வயிற்றடியில் முள்ளும் விதையும் மண்ணும் சேர்ந்து சிக்குப் பிடித்திருந்தது. கத்தரியால் ஒரு சிக்கை வெட்டிப் பிரித்தபோது உள்ளே நசுங்கிப்போன ஒரு சின்ன டெய்சி கிடந்தது, வேரோடு.

பாலை நட்சத்திரம் என்றுதான் முதலில் நினைத்தாள். அது எங்கும் உள்ளது, எதையும் சொல்லாது. தூக்கிப்போடப் போனவள் பழக்க தோஷத்தில் லென்ஸை எடுத்தாள். பூவில் மூன்று விதை மிச்சம் இருந்தது. பாலை நட்சத்திரத்தின் விதைத் தலையில் இழைகள் பல இருக்கும், நடுநடுவே கிழிந்த செதில் மாதிரியும் இருக்கும். இந்த மூன்றில் ஒன்றில் ஒரே ஓர் இழைதான் நீட்டிக்கொண்டிருந்தது, அதன் நுனியில் மட்டும் இறகு போல ஒரு பிசிறு.

அப்படி ஒற்றை இழை உள்ள டெய்சி ஒன்று உண்டு. பார்க்க அச்சு அசலாகப் பாலை நட்சத்திரம்தான், கூடப்பிறந்தது போல. ஆனால் சரளையில் முளைக்காது, மாவு மாதிரியான மணல் வேண்டும். அத்தனை வருஷத்தில் அவள் அதை ஒரே இடத்தில்தான் கண்டிருக்கிறாள், வடக்கே பதினெட்டு மைல் தள்ளி ஹேக்பெர்ரி ஓடை முகத்தில். டிரக் புதைகிற மணல். அங்கே போகக்கூடாது என்று நாடின் லைலிடம் சத்தியம் வாங்கியிருந்தது ஓலீட்டாவுக்குத் தெரியும். அங்கேதான் நல்ல கல் கிடைக்கும் என்று லைல் புலம்பிக்கொண்டிருந்ததும் தெரியும்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்றே கால்.

மற்ற இரண்டு விதைகளைப் பார்த்தாள். ஒன்றில் இழை பாதியில் ஒடிந்திருந்தது. இன்னொன்றில் எதுவுமே இல்லை. அங்கே அவள் பழைய மனசு குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. பல இழைகள் இருந்து, நாய் ஓடிய ஓட்டத்தில் எல்லாம் ஒடிந்து, ஒன்று மட்டும் தப்பியிருந்தால்? தெற்கே நாற்பது பேர் தேடுகிறார்கள். ஒரு விதையை வைத்து அத்தனை பேரையும் வடக்கே திருப்பி, அங்கே ஒன்றும் இல்லாமல், லைல் தெற்கே ஏதாவது பள்ளத்தில் கிடந்தால்? கடையின் சிரிப்பும் அவள் காதில் கேட்டது. கேட்கவில்லை என்று அவள் பிற்பாடு ஒருநாளும் சொன்னதில்லை.

இழை ஒடிந்தால் அடிக்கட்டை தெரியும். காய்ந்து சுருங்கியதில் அது தெரியாது, ஊறவைத்தால் தெரியும். ஒரு சாஸரில் தண்ணீர் விட்டு, ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு கலந்து, மூன்று விதையையும் அதில் போட்டு மூடிவைத்தாள். முறைப்படி செய்தால் ஒரு ராத்திரி ஊற வேண்டும்.

வியாழக்கிழமை காலை, இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்று சாஸரைத் திறக்காமலே வேலைக்குப் போனாள். மோட்டல் நிரம்பியிருந்தது. தேட வந்தவர்கள்தான் எல்லா அறையிலும். மண்ணும் வேர்வையுமாக இருபத்தாறு விரிப்புகள். துவைத்து, காயவைத்து, மடித்துவைத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது மதியம் ஒன்றரை. சாஸரைத் திறந்தாள். விதைகள் தளதளவென்று விரிந்திருந்தன. மூன்றின் தலையிலும் ஒரு சின்னக் கிண்ணம் போன்ற வளையம், அதில் ஒடிந்த கட்டை எதுவும் இல்லை, ஒற்றை இழைக்கான ஒரே ஒரு இடம். பழைய தாளை எடுத்து ஒப்பிட்டாள். மயிரிழை பிசகவில்லை. இரண்டு மணிக்குப் பெயரைச் சொன்னாள், தனியாக, சமையலறையில்.

டிரக்கை விரட்டிக்கொண்டு கூடாரத்துக்குப் போய்ச் சேர மூன்று மணி ஆயிற்று. ஆர்மென்டாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சாஸரையும் லென்ஸையும் நீட்டினாள். அவர் சிரிக்கவில்லை. ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு இதுல ஒண்ணும் புரியல மேடம். நீங்க நிச்சயமா சொல்றீங்களா?"

"நிச்சயமாத்தான் சொல்றேன்."

"அப்ப சரி."

அவ்வளவுதான் கேட்டார். அவள் பயந்த எதுவும் நடக்கவில்லை. உடனே ரேடியோவில் விமானத்தைக் கூப்பிட்டார். ஆனால் மதியத்திலிருந்தே மேற்கே காற்று கிளம்பியிருந்தது. நாலு மணிக்கு மணல் எழும்பி மலையே தெரியவில்லை. விமானம் இறங்கிவிட்டது. ஹேக்பெர்ரி பாதையில் அந்த மணல் காற்றில் வண்டி போகாது. விடிந்ததும் புறப்படுவது என்று முடிவாயிற்று.

வெள்ளி காலை ஒன்பது மணிக்குக் கண்டுபிடித்தார்கள். ஓடை முகத்திலிருந்து அரை மைல் உள்ளே, வெள்ளை டெய்சி கம்பளம் போல விரிந்து கிடந்த மணலில் டிரக் அச்சு வரை புதைந்து நின்றது. ஜாக் வைத்துத் தூக்கப்போய், ஜாக் நழுவி, டிரக் அவன் காலின் மேல் இறங்கியிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு தண்ணீர் கேன், இரண்டும் காலி. லைல் செத்துப்போயிருந்தான்.

பிரேதத்தைப் பார்த்த மருத்துவர், இறந்து பதினைந்து மணி நேரம் இருக்கலாம் என்றார். வியாழன் சாயங்காலம், பொழுது சாய்கிற நேரம். ரொட்டி வாங்கிய காகிதப் பையில் பென்சிலால் தினமும் நாடினுக்கு எழுதியிருந்தான். சொன்ன சொல்லை மீறி வந்ததற்கு மன்னிப்பு. நாயை அடித்துத் துரத்தி வீட்டுக்கு அனுப்பிய கதை. புதன்கிழமை எழுதியதில், தெற்கே விமானச் சத்தம் கேட்கிறது, நாளைக்கு இந்தப் பக்கம் வருவார்கள் என்று இருந்தது. வியாழக்கிழமை எழுத்து படிக்கிற மாதிரி இல்லை.

ஊர் ஓலீட்டாவைக் கொண்டாடியது. ஒரு பூவை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள், இல்லாவிட்டால் எலும்பு கூடக் கிடைத்திருக்காது என்றார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து அவளை லென்ஸோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார். அடக்கத்தன்று தேவாலயத்தில் போதகர் அவள் பெயரைச் சொல்லி நன்றி கூறினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையிலிருந்து நாடின் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "நீ இல்லாட்டி அவரப் பாத்து அடக்கம் பண்ணக்கூட குடுத்துவச்சிருக்காதுடி" என்று காதில் சொன்னாள்.

ஓலீட்டா அதன்பின் பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கணக்கு அவளுக்கு மட்டும்தான் தெரியும். புதன் மூன்றே காலுக்குச் சொல்லியிருந்தால் அன்றைக்குக் காற்று இல்லை. விமானம் அன்று இருட்டும் வரை பறந்தது. வடக்கே ஒரு சுற்று சுற்றியிருந்தால் மணலில் பச்சை டிரக் தெரியாமல் போயிருக்காது. ஒடிந்த காலோடு லைல் உயிரோடு கிடந்தான், காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு.

பதினோராம் நாள் நாடின் வீட்டுக்குப் போனாள். நாடின் லைலின் சட்டைகளை மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஓலீட்டா உட்காரவில்லை. வாசற்படிக்கு உள்ளே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், நாயைச் சீவியது, ஒற்றை இழை, சாஸர், சோப்பு, இருபத்தாறு விரிப்பு.

நாடின் மடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு சட்டையை முடித்துவிட்டுக் கேட்டாள்.

"மொதமொதல்ல உனக்குத் தோணினப்ப மணி என்ன?"

"மூணே கால். புதன்கிழம."

"ஹேக்பெர்ரின்னு தோணுச்சா, சும்மா வடக்கன்னு தோணுச்சா?"

"ஹேக்பெர்ரின்னு."

நாடின் அடுத்த சட்டையை எடுத்தாள். கழுத்துப் பொத்தானைப் போட்டாள். அவள் அழுவாள், அல்லது கத்துவாள் என்று ஓலீட்டா காத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த முட்டக்கோஸ் ஜோக்க லைல் எத்தன தடவ சொல்லியிருப்பாரு ஓலீட்டா?"

"தெரியல நாடின். நெறைய."

"ஒவ்வொரு தடவையும் நான் சிரிச்சேன்."

"அதுக்காக இல்ல நாடின். நான்தான்..."

"எனக்குத் தெரியும். நீதான்." நாடின் சட்டையைப் பெட்டியில் வைத்தாள். "உன்னைப் பாத்தா எனக்கு இனிமே கடிகாரம்தான் ஞாபகம் வரும். நீ கெளம்பு. நாயையும் கூட்டிட்டுப் போயிடு. அது உன்கிட்டயே இருக்கட்டும்."

கோடை பிறப்பதற்குள் நாடின் வீட்டை விற்றுவிட்டு பேக்கர்ஸ்ஃபீல்டில் தங்கை வீட்டோடு போய்விட்டாள். ஓலீட்டா இரண்டு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பினாள். பதில் இல்லை. மூன்றாம் கிறிஸ்துமஸுக்கு அனுப்பவில்லை. ஊரில் யாரிடமும் நாடின் எதையும் சொல்லாமல்தான் போயிருந்தாள். அதனால் ஊர் கடைசிவரை ஓலீட்டாவைப் பாராட்டிக்கொண்டே இருந்தது. கடையில் அவள் நுழைந்தால் எழுந்து நாற்காலி போடுவார்கள். அவள் கடைக்குப் போவதையே நிறுத்திக்கொண்டாள்.

வயிறு படப் படுத்துப் பூப் பார்ப்பதும் நின்றது. ஒரு வசந்தம் நன்றாகப் பூத்தது, அவள் விரிப்பு மாட்டும் கம்பிக்குக் கீழேயே. மிதிக்காமல் நடந்தாள், குனியவில்லை.

எண்பத்தாறில் ஆர்மென்டா அவளைத் தேடி வந்தார். தனியாக நடக்கப்போன ஒரு பள்ளி ஆசிரியை இரண்டு நாளாகக் காணவில்லை. சாலையில் விட்டுப்போன காரின் மிதியடியில் ஒட்டியிருந்த குப்பையை ஒரு பையில் கொண்டுவந்திருந்தார், முந்தின நாட்களில் அவள் எங்கே இறங்கி நடந்தாள் என்று தெரிந்தால் உதவும் என்று. ஓலீட்டா பையை வாங்கிக் கொட்டினாள். சாஸர் எடுக்கவில்லை, ஊறவைக்கவில்லை. லென்ஸில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, உப்புச் சமவெளியின் கிழக்குக் கரை, இப்போதே போங்கள் என்றாள். நிச்சயமா என்று அவர் கேட்டதற்கு, நிச்சயம் இல்லை, ஆனாலும் போங்கள் என்றாள்.

போனார்கள். அவள் சொன்னது தப்பு. அங்கே யாரும் இல்லை. மறுநாள் மதியம் அந்த ஆசிரியை எதிர்ப்பக்கம் மேற்கு மலைச்சரிவில், வெயிலில் தோல் உரிந்து, ஒரு பாறை நிழலில் உயிரோடு உட்கார்ந்திருந்தாள். ஆர்மென்டா மோட்டலுக்கு போன் பண்ணித் தகவல் சொன்னார். ஓலீட்டா மன்னிப்புக் கேட்டாள்.

"அட, அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். அரை நாள் வீணாச்சு, அவ்வளவுதான். அந்தம்மா நல்லாத்தான் இருக்காங்க."

அரை நாள்தானா என்று திரும்பக் கேட்டாள், ஆமாம் என்றதும் போனை வைத்தாள். அன்றைக்கு வந்த விரிப்புகள் மூட்டை மூட்டையாக அப்படியே கிடந்தன. சாயங்காலம் மோட்டல்காரர் கம்பி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் வந்தார். ஓலீட்டா அழுக்கு மூட்டையின் மேல் கைகளை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பு முடியவில்லையா என்று கேட்டார். இல்லை என்றாள். எழுந்து தொட்டிக்குத் தண்ணீர் திறந்துவிட்டாள்.